முதலீட்டாளர் தூத்துக்குடியில் எதைப் பார்க்கிறார்?

2025 ஆகஸ்டு 4ஆம் நாள் தூத்துக்குடியை அடுத்த சில்லாநத்தம் சிப்காட் தொழிற்பூங்காவில், வியட்நாம் நாட்டைச் சேர்ந்த வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார் தொழிற்சாலையை முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். 2024 பிப்ரவரி 25 அன்று அடிக்கல் நாட்டிய ஆலை இது. பதினேழு மாதங்களில் 400 ஏக்கரில் எழுந்து நின்றுவிட்டது. அதே நாளில் தூத்துக்குடியில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் 41 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. மொத்த மதிப்பு ஏறக்குறைய ரூ.32,554 கோடி என்றும், வேலைவாய்ப்பு ஏறக்குறைய 50,000 என்றும் அறிவித்தார்கள்.

அன்பார்ந்த இறைமக்களே, இந்தச் செய்தி வந்த நாளிலிருந்து நம் பங்குகளில் இரண்டு விதமான கேள்விகள் கேட்கப்படுகின்றன. பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகளின் பெற்றோர், நம் பையனுக்கு அங்கே இடம் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்களும் அளத்தில் வேலை பார்ப்பவர்களும், இத்தனை ஆலைக்குத் தண்ணீர் எங்கே, கழிவு எங்கே போகும் என்று கேட்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். இவற்றுக்குப் பதில் தேட வேண்டுமானால், முதலீடு செய்ய வருகிறவரின் இடத்தில் நாம் சற்று நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நமக்குத் தெரியும். முதலீட்டாளரும் அதைத்தான் செய்கிறார். அவர் கணக்கில் எது வருகிறது, எது விடுபடுகிறது என்பதே நம் கேள்வி.

முதலில் அவர் பார்ப்பது துறைமுகம். 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நம் வ.உ.சி. துறைமுகம் 2023-24ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4 கோடியே 14 லட்சம் டன் சரக்கைக் கையாண்டது. ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையே ஓடும் பெரிய கப்பல்களின் பாதை இங்கிருந்து வெகு தூரமில்லை. ஆனால் அந்தப் பெரிய கப்பல்கள் இங்கே வருவதில்லை. நம் பெட்டகங்களில் பெரும்பகுதி சிறு கப்பலில் ஏறி கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறது. ஏற்றுமதி செய்கிறவருக்கு இது கூடுதல் நாள், கூடுதல் கூலி. இதை மாற்றத்தான் வெளித்துறைமுகத் திட்டம். ரூ.7,000 கோடிக்கு மேற்பட்ட இந்தத் திட்டத்திற்கு 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். அது சொன்ன காலத்தில் முடியுமா என்பதை எந்த முதலீட்டாளரும் யோசிப்பார். 2005 ஜூலை 2 அன்று ஆரவாரமாகத் தொடங்கிய சேது சமுத்திரத் திட்டம் எங்கே போய் நின்றது என்பதை அவரும் படித்திருப்பார்.

மின்சாரத்திற்குக் குறைவில்லை. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் திறன் 1,050 மெகாவாட், அருகிலேயே என்.டி.பி.எல். நிலையம் 1,000 மெகாவாட். காற்றாலைகளோ முப்பந்தல் முதல் கயத்தாறு வரை வரிசையாக நிற்கின்றன. விமான நிலையத்தில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. சாலையும் இருக்கிறது. நிலத்தின் விலை சென்னைப் பக்கத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இதெல்லாம் உண்மையான பலம். இவற்றை அமைத்தது பொதுப்பணம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்து வருவது சலுகைகள். தென்மாவட்டங்களுக்கு வருகிற ஆலைகளுக்கு நிலத்தின் விலையிலும் மூலதன மானியத்திலும் கூடுதல் சலுகை என்பது தமிழக அரசின் நீண்டகாலக் கொள்கை. பின்தங்கிய பகுதிக்குத் தொழில் வர வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். ஆனாலும் ஒரு பகுதியின் ஈர்ப்பு எதில் இருக்கிறது என்று கணக்கிடும்போது, சலுகையை நான் கடைசி இடத்தில்தான் வைப்பேன். ஏனென்றால் சலுகையை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பக்கத்து மாநிலம் நம்மை விட ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்தால் போதும்.

நம் மாநிலத்தின் வடகோடியில், திருப்பெரும்புதூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நோக்கியா நிறுவனம் அங்கே சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் 2006இல் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை செய்தார்கள். பாதிக்கு மேல் இளம் பெண்கள். 2013இல் வருமான வரித்துறை ரூ.2,000 கோடிக்கு மேல் வரி கேட்டது. மாநில அரசும் விற்பனை வரி கேட்டது. நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வழக்கில் சிக்கிய இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பெண்களை அந்த ஆண்டு தமிழகம் பார்த்தது. சலுகையில் தொடங்கிய உறவு வரித் தகராறில் முடிந்தது.

ஆனால் அந்தக் கதை அங்கே முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே வளாகத்தைப் பின்னர் சால்காம்ப் நிறுவனம் வாங்கியது. அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் நிறுவனம் ஆப்பிள் கைப்பேசிகளைச் செய்கிறது. நோக்கியா போன பிறகு அங்கே மிஞ்சியவை சாலையும், உதிரிப்பாகக் கம்பெனிகளும், வேலை பழகிய கைகளும்தான். பின்னால் வந்தவர்களை இழுத்ததில் அந்தக் கைகளுக்குப் பெரிய பங்குண்டு என்பது என் எண்ணம். அப்படியானால் தூத்துக்குடியின் ஈர்ப்பை அளக்க நினைப்பவர் துறைமுகத்தின் ஆழத்தோடு சேர்த்து, இங்குள்ள ஐ.டி.ஐ.களின் தரத்தையும் அளக்க வேண்டும். இருபது ஆண்டுக்கு முந்தைய இயந்திரத்தில் பழகிய மாணவனை மின்கார் ஆலையின் வாசலில் நிறுத்தினால் என்ன ஆகும்?

வேலை எண்ணிக்கையையும் நாம் நிதானமாகப் பார்ப்போம். வின்ஃபாஸ்ட் 2024 ஜனவரியில் செய்த ஒப்பந்தத்தில் சொல்லப்பட்ட மொத்த முதலீடு ரூ.16,000 கோடி, எதிர்பார்க்கப்படும் வேலை 3,000 முதல் 3,500. வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு ஏறக்குறைய 5 கோடி ரூபாய். இயந்திர மனிதர்கள் வெல்டிங் செய்யும் ஆலை அப்படித்தான் இருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாநாட்டில் கையெழுத்தான 41 ஒப்பந்தங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு 65 லட்சம் ரூபாய். திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறில் காலணி செய்யும் ஆலைகளோ இதைவிட மிகக் குறைந்த முதலீட்டில் பல்லாயிரம் பெண்களுக்கு வேலை கொடுக்கின்றன. ஆகவே செய்தித்தாளில் கோடிகளைப் படிக்கும்போது, பக்கத்தில் உள்ள சிறிய எண்ணையும் படியுங்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது நிச்சயதார்த்தம் போன்றது. கல்யாணம் நடந்தால்தான் உண்டு. இதே வின்ஃபாஸ்ட் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 7,500 பேருக்கு வேலை தருவதாக 2022இல் அறிவித்து, 2023 ஜூலையில் அடிக்கல்லும் நாட்டி, 2024 ஜூலையில் ஆலைத் திறப்பை 2028க்குத் தள்ளிவைத்தது. இங்கே சொன்னபடி கட்டி முடித்தார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் முதல் கட்டம் ஆண்டுக்கு 50,000 கார். ஒன்றரை லட்சமாக உயரும் என்பது இனிமேல்தான்.

உள்ளூர் ஆட்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் போட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அரியானா மாநிலம் 75 விழுக்காடு இடங்களை உள்ளூராருக்கு ஒதுக்கிச் சட்டம் செய்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. சட்டத்தின் வழி குறுகலானது. ஆனால் அரசு கொடுக்கும் மானியத்தோடு, இத்தனை உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி, இத்தனை நிரந்தர வேலை என்று நிபந்தனை விதிப்பதை யார் தடுக்க முடியும்? பணம் கொடுக்கிறவர் நிபந்தனை கேட்பது உலக வழக்கம்தானே. தென்மாவட்டங்களிலிருந்து திருப்பெரும்புதூருக்குப் போய் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பிள்ளைகள் பலர். வீட்டிலிருந்து பேருந்தில் போய் வரும் தூரத்தில் அதே வேலை கிடைத்தால் அந்தக் குடும்பங்களின் வாழ்வு எப்படி மாறும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இப்போது முதலீட்டாளர் கணக்கில் ஒரு வரியில் முடிந்துபோகும் விஷயத்திற்கு வருவோம். தண்ணீர்.

தூத்துக்குடி மழை குறைந்த ஊர். இங்குள்ள ஆலைகளின் தாகத்தைத் தீர்த்து வந்தது தாமிரபரணி. அந்த ஆற்றின் கடைசி அணையான ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நாளொன்றுக்கு 2 கோடி காலன், அதாவது ஏறத்தாழ 9 கோடி லிட்டர் எடுக்கும் திட்டத்தை நம் விவசாயிகள் "இருபது எம்.ஜி.டி." என்றே சொல்வார்கள். அதே அணையின் வடகால், தென்கால் வாய்க்கால்களை நம்பித்தான் வாழையும் நெல்லும் நிற்கின்றன. கார் சாகுபடிக்குத் தண்ணீர் இல்லாத ஆண்டில் ஆலைக்குக் குழாயில் தண்ணீர் போவதைப் பார்த்த விவசாயி சும்மா இருப்பாரா? வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மாற்று வழியாக, முள்ளக்காட்டில் நாளொன்றுக்கு 6 கோடி லிட்டர் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தை சிப்காட் திட்டமிட்டது. ஆற்றுக்கு இது நல்லது. ஆனால் உப்பைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் அடர்ந்த உவர்நீர் மீண்டும் கடலுக்குத்தான் போக வேண்டும். நம் கடலோ, தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவை ஒட்டியது. அந்த நீர் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் விடப்படும் என்பது பொறியாளரின் வரைபடத்தில் ஒரு புள்ளி. நாட்டுப்படகில் போகிறவருக்கு அது வலை போடும் இடம்.

தண்ணீர் இல்லாததைப் போலவே, தண்ணீர் மிகுந்து வருவதும் இப்போது கணக்கில் சேர்ந்துவிட்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பெய்ததை நாம் மறக்கவில்லை. ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையை விட அதிகம். தூத்துக்குடி நகரில் பல நாள் தண்ணீர் வடியவில்லை. குளங்களையும் ஓடைகளையும் மேடாக்கித் தொழிற்பேட்டை அமைத்தால், அடுத்த முறை அந்தத் தண்ணீர் ஆலைக்குள்ளும் வரும், பக்கத்து ஊருக்குள்ளும் வரும். வெள்ள வடிகால் என்பது முதலீட்டாளரும் கிராமத்தாரும் ஒன்றாகக் கேட்க வேண்டிய விஷயம்.

கடைசியாக ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

2018 மே 22ஆம் நாள் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மே 28 அன்று அரசு ஆலையை மூட ஆணையிட்டது. நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 பிப்ரவரி 29 அன்று அங்கும் மனு தள்ளுபடியாயிற்று. ஆண்டுக்கு 4 லட்சம் டன் தாமிரம் உற்பத்தி செய்த ஆலை அது. அது மூடப்பட்ட பின் தாமிரத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. அங்கே வேலை செய்தவர்களும் லாரி ஓட்டியவர்களும் வருமானத்தை இழந்தார்கள். அவர்களிலும் நம் மக்கள் உண்டு. இதையெல்லாம் மறைக்காமல் பேச வேண்டும்.

ஏன் இப்படி முடிந்தது? மாசு ஒரு காரணம். 2013 மார்ச்சு 23 அன்று நச்சு வாயுக் கசிவால் நகரமே கண் எரிந்து மூச்சுத் திணறியதை மக்கள் மறக்கவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரூ.100 கோடி இழப்பீடு விதித்தது. இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய ஆலை வருமுன் அந்த ஊர் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். ஆனால் முறைப்படி ஒப்புதல் பெற்ற தொழிற்பேட்டைக்குள் அமையும் ஆலைகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. தொழிற்பேட்டைகளை விளம்பரம் செய்கிறவர்கள், இங்கே வந்தால் அனுமதி விரைவாகக் கிடைக்கும் என்று சொல்வதன் பொருள் பெரும்பாலும் இதுதான். ஸ்டெர்லைட் தன் உற்பத்தியை இரு மடங்காக்க நினைத்தபோதும் மக்கள் கருத்துக்கேட்பு நடக்கவில்லை. அ.குமரெட்டியாபுரத்து மக்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தது அதன் பிறகுதான். துப்பாக்கிச் சூடு நடந்ததற்கு மறுநாள், 2018 மே 23 அன்று, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விரிவாக்கப் பணிகளை நிறுத்தி, மக்களிடம் கருத்துக் கேட்டே தீர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு நாள் தாமதமாக வந்த உத்தரவு.

முதலீட்டாளரின் ஆலோசகர் இதை எப்படி எழுதுவார்? "இப்பகுதியில் சமூக எதிர்ப்பு உண்டு" என்று ஒரு வரி எழுதுவார், மக்களே ஏதோ வெள்ளம், புயல் போன்ற ஆபத்து என்பதுபோல. எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. ஆலைக்காரருக்குக் கிடைத்த சலுகைகளிலேயே மிகவும் விலை கூடியதாகப் போனது, ஊராரிடம் பேசத் தேவையில்லை என்ற அந்தச் சலுகைதான். ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து ஏச்சும் பேச்சும் கேட்டிருந்தால், ஆலையின் குறையை அவர்களே முன்கூட்டி அறிந்திருப்பார்கள். சரிசெய்ய முடிந்திருந்தால் சரிசெய்திருப்பார்கள், முடியாதென்றால் கைவிட்டிருப்பார்கள். எப்படியாயினும் 13 உயிர்கள் போயிருக்காது.

இந்த ஊர்க்காரர்கள் தொழிலுக்கு எதிரிகள் என்று எழுதுகிறவர்களுக்கு நம் வரலாறு தெரியாது. 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது ஒரு பங்கின் விலை ரூ.25, சாதாரண மக்களும் வாங்கட்டும் என்றே அப்படி வைத்தார். 1908இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது அவர்களோடு நின்றவரும் அதே வ.உ.சி.தான். முதல் போட்டவரும் கூலிக்காகப் போராடியவருக்குத் துணை நின்றவரும் ஒரே மனிதராக இருந்த ஊர் இது. ஸ்பிக் உர ஆலையும் அனல்மின் நிலையமும் துறைமுகமும் அரை நூற்றாண்டாக இங்கே இயங்கி வருகின்றன. குறைகள் உண்டு, வழக்குகள் உண்டு, வேலைகளும் உண்டு.

இனி வரப்போவது கரையிலேயே வருகிறது. 2025 செப்டம்பரில், தூத்துக்குடியில் கப்பல் கட்டும் தளங்கள் அமைக்க மத்திய அரசின் இரு கப்பல் கட்டும் நிறுவனங்கள் தலா ரூ.15,000 கோடி முதலீடு செய்யும் என்றும், நேரடியாகவும் மறைமுகமாகவும் 55,000 பேருக்கு வேலை என்றும் மாநில அரசு அறிவித்தது. மின்கார் ஆலை மானாவாரி நிலத்தில், ஊருக்கு வெளியே அமைந்தது. கப்பல் தளம் அப்படி அமைய முடியாது. வள்ளங்கள் இழுத்து வைக்கிற, வலை உலர்த்துகிற கரையைத்தான் அது கேட்கும். கடலைத் தோண்டும், தூண்டில் வளைவுகளின் போக்கை மாற்றும். வெல்டிங், பைப் ஃபிட்டிங், பெயின்டிங் என்று நம் கடற்கரைப் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற வேலைகளும் அதில்தான் அதிகம். ஆகவே இதில் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ இப்போதே கத்துவதற்கு முன், காகிதங்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

கருத்துக்கேட்பு நடக்கும் திட்டங்களுக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி. திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும், மாவட்டத் தொழில் மையத்திலும், உள்ளாட்சி அலுவலகத்திலும் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். எழுத்திலும் கருத்துக் கொடுக்கலாம். நம் பங்குகளில் பொறியியல் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள், ஆசிரியைகள் இருக்கிறார்கள், முப்பது ஆண்டு துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். அன்பியக் கூட்டத்தில் ஒரு மாலை அந்தச் சுருக்கத்தை எடுத்து வைத்து உரக்க வாசிக்கலாம். தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து, எத்தனை லிட்டர். கழிவுக் குழாய் எந்த ஊர்க் கரையில் முடிகிறது. சொல்லப்பட்ட வேலைகளில் நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை. இவற்றுக்கான பதில் அதில் இல்லையென்றால், கூட்டத்தில் முதலில் எழுந்து கேட்க வேண்டியது அதுதான்.